அசரையா கிழித்த நாடா

ஃப்ளரி மாஸ்டர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றதோடு ஊருக்கு நிம்மதி போயிற்று. நாற்பது பிள்ளைகளை மேய்த்துப் பழகிய மனுஷர், இப்போது தீவு முழுவதையும் மேய்க்கிறார். எங்கள் கெர்ரிக் கரையிலிருந்து அமெரிக்கக் கரைவரை கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போட்டு இந்த ஜூலையோடு நூறு வருஷம் ஆகிறது, விழா எடுத்தே தீர வேண்டும் என்று ஈஸ்டர் முடிந்ததிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். கம்பெனிக்காரன் பிப்ரவரியில்தான் நிலையத்தை இழுத்து மூடிவிட்டுப் போயிருந்தான். இழவு வீட்டில் பிறந்தநாள் கேக் வெட்டுவதா என்று நான் கேட்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். கையில் ஒரு கடிதம். என் மனைவி அபினா சோடா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"மர்ட்டி, உங்களுக்கு யோகம்தான் போங்க. நம்ம கம்பி போய்ச் சேர்ற நியூஃபவுண்ட்லாந்துலேர்ந்து ஒரு அம்மா விழாவுக்கு வர்றாங்க. உங்களக் கேட்டு எழுதியிருக்காங்க."

"என்னையா? எனக்கு அங்க யாரு இருக்கா?"

"டார்கஸ் லெக். அசரையா லெக்கோட மக."

தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தேன். மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். அப்பா எங்கள் கரை நிலையத்தில் பதினான்கு வருஷம் தந்தி குமாஸ்தாவாக இருந்தார். இறந்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. மர்ட்டி டெவேன் என்று உங்கள் பக்கத்து ஆள் ஒருவர் தனக்கு நல்ல சிநேகிதர் என்று அடிக்கடி சொல்வார். அப்பா பத்திரப்படுத்தி வைத்திருந்த தந்தி நாடா ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதைப் படிக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மிஸ்டர் டெவேன் உயிரோடு இருந்தால், விழாவில் அதை அவர் வாயாலேயே படித்துக் காட்டுவாரா?

"எப்படி? இத விட ஒரு நிகழ்ச்சி வேணுமா விழாவுக்கு?" என்றார் மாஸ்டர்.

"கடலுக்கு அந்தப் பக்கம் உங்களுக்கு ஒரு சிநேகிதரா?" அபினா மாவுக் கையோடு திரும்பினாள். "அம்பது வருஷத்துல ஒரு நாளாவது சொன்னீங்களா?"

"பார்த்ததே இல்ல அவன. வேலைல பழக்கம், அவ்வளவுதான்."

அவ்வளவுதான். எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள். பொய் எனக்குப் புதிதில்லை.

எங்கள் வேலையை இப்போது யாருக்கும் தெரியாது. இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒருவன் தந்திச் சாவியைத் தட்டுவான். இங்கே மை வடிகிற மெல்லிய கண்ணாடிக் குழல் ஒன்று, ஓடுகிற காகித நாடாவின் மேல் நெளிந்து நெளிந்து ஒரு கோடு போடும். மேலே எழும்பினால் புள்ளி, கீழே இறங்கினால் கீற்று. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே எழுத்தாக எழுதிவிட வேண்டும். நாம் அனுப்புவது அவன் நாடாவில் விழும், அவன் அனுப்புவது நம் நாடாவில். ஆறு மாதம் பழகினால் கோடு நெளிகிற தினுசை வைத்தே அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறான், தூக்கக் கலக்கமா, குடித்திருக்கிறானா என்று சொல்லிவிடலாம்.

அசரையாவின் கோடு நிதானமானது. பரபரப்பே இருக்காது. நான் 1913 ஜனவரியில் வேலைக்குச் சேர்ந்தேன், இருபது வயது, தகுதிகாண் பருவம். தட்டுத் தடுமாறி நான் அனுப்புவதையெல்லாம் அவன்தான் பொறுமையாக வாங்குவான். கம்பியில் வேலை குறைந்த நேரத்தில் பேச ஆரம்பித்தோம். அது கூடாது. கம்பெனிக் கம்பியில் சொந்தப் பேச்சு பேசினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் பேசாத குமாஸ்தா இரண்டு கரையிலும் கிடையாது. பேசி முடித்ததும் அந்த இடத்து நாடாவை அவரவர் கிழித்துப் போட்டுவிட வேண்டும், அதுதான் எங்களுக்குள் மரியாதை. என் பேச்சு அவன் நாடாவில் இருக்கும், அவன் கிழிப்பான். அவன் பேச்சை நான் கிழிப்பேன். ஒருத்தன் கழுத்து இன்னொருத்தன் கையில்.

அவன் என்னைவிடப் பத்து வயது மூத்தவன். கல்யாணமாகி அப்போதுதான் ஒரு குழந்தை தவறிப் போயிருந்தது. உப்புக் கண்டம் போட்ட காட் மீன், பனி, மனைவியின் இருமல், எல்லாம் சொல்வான். நான் அபினாவைப் பற்றிச் சொன்னேன். அவளுடைய அப்பா எங்கள் நிலையத்தில் பேட்டரி அறை மேஸ்திரி. முறைத்தால் அமிலம் தேவையில்லை, அந்த மாதிரி ஆள். நல்ல வேலையில் இல்லாதவனுக்குப் பெண்ணைக் கொடுக்க மாட்டார். அவளிடம் கேட்கவோ எனக்கு வாயே வரவில்லை. கேட்க வேண்டிய வார்த்தைகளை அசரையாதான் சொல்லிக் கொடுத்தான். மே மாதம், ஒரு புதன்கிழமை சாயங்காலம் நாலு மணி வாக்கில். அந்த ஞாயிற்றுக்கிழமை சிலேட்டுப் பாறைக் குவாரிப் பாதையில் வைத்து அப்படியே ஒப்பித்தேன். அதற்குப் பிறகு இந்த ஐம்பத்து மூன்று வருஷத்தில் அந்த மாதிரி ஒரு பேச்சு என் வாயிலிருந்து வந்ததே இல்லை என்று அபினா குத்திக்காட்டாத கிறிஸ்துமஸ் கிடையாது.

அந்தப் புதன்கிழமை நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, லிவர்பூலிலிருந்து ஒரு பருத்தி வியாபாரியின் அவசரத் தந்தி என் மேசைக்கு வந்தது. நியூயார்க்குக்குப் போக வேண்டியது. நான் அனுப்பவில்லை. மறந்துவிட்டேன். வேலை முடிகிற ஆறு மணிக்கு என் முழங்கைக்கு அடியிலிருந்த மை ஒற்றும் தாளை எடுத்தால், அது கிடக்கிறது.

அப்போதாவது அனுப்பியிருக்கலாம். இரண்டு மணி நேரத் தாமதம் ஏன் என்று கேட்பார்கள், என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார்கள். தகுதிகாண் பருவத்துக்காரனுக்கு அதற்குமேல் பேச்சு இல்லை, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சுற்றுமுற்றும் பார்த்தேன். படிவத்தில் 'நாலு பத்துக்கு அனுப்பினேன், பெற்றுக்கொண்டதாகக் குறி வந்தது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அனுப்பியவற்றோடு குத்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். உருளைக்கிழங்கும் மீனும் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் வியாபாரி குதித்தான். விசாரணை வந்தது. என் படிவத்தில் நேரமும் கையெழுத்தும் இருந்தன. அந்தக் கரையில் அசரையாவின் நாடாவை எடுத்துப் பார்த்தார்கள். நாலு மணிக்குச் சற்று மேல் ஒரு துண்டு கிழிக்கப்பட்டிருந்தது. செய்தியைப் பெற்றுவிட்டு, தொலைத்துவிட்டு, மறைக்க நாடாவைக் கிழித்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். என்னைக் காப்பாற்றக் கிழித்த இடம் அவன் கழுத்துக்கு வந்தது. அந்தத் துண்டில் என்ன இருந்தது என்று கேட்டதற்கு அவன் வாயைத் திறக்கவில்லை. எங்கள் சூப்பரின்டெண்ட் என்னைக் கூப்பிட்டு, அனுப்பினாயா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அனுப்பினேன் ஐயா என்றேன்.

மூன்று வாரத்தில் அவனை நீக்கிவிட்டார்கள். செப்டம்பரில் எனக்கு வேலை நிரந்தரமாயிற்று, அடுத்த பிப்ரவரியில் கல்யாணம்.

எனக்கு நானே ஒரு சமாதானம் செய்து வைத்திருந்தேன். அவன் நாடாவை எரித்திருப்பான், நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் நிரூபிக்க முடிந்திருக்காது, இரண்டு பேர் வேலையும் போயிருக்கும், ஒன்றாவது மிஞ்சட்டுமே. இதைச் சொல்லிச் சொல்லியே மேற்பார்வையாளன் வரை உயர்ந்தேன். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் பாவசங்கீர்த்தனத்தில், ஒரு பொய் சொன்னேன் ஃபாதர், என்பேன். எந்தப் பொய் என்று எந்தச் சாமியாரும் கேட்டதில்லை. மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லு என்பார்கள். ஐம்பத்து மூன்று வருஷம், பாதிரிமார் ஏழு பேர் மாறிவிட்டார்கள், தண்டனை மட்டும் ஏறவில்லை.

எரிக்கவில்லையாம். வைத்திருந்திருக்கிறான்.

அந்தக் கடிதம் வந்ததிலிருந்து விழாவைத் தட்டிக்கழிக்க நான் போட்ட கூத்து கொஞ்சமில்லை. கண் மங்கிவிட்டது என்றேன். செய்தித்தாளில் குதிரைப் பந்தயப் பக்கத்தைக் கண்ணாடி இல்லாமல் படித்துக்கொண்டிருந்தபோது அபினா பிடித்துவிட்டாள். நாடா படிப்பதே மறந்துவிட்டது என்று மாஸ்டரிடம் சொன்னேன்.

"சைக்கிள் ஓட்டறது மறக்குமா? சும்மா பிகு பண்ணாதீங்க மர்ட்டி."

"பக்கத்து ஊரு கேர்சிவீன்ல கிழவன் டேனி இருக்கானே, அவனக் கூப்பிடுங்க."

"டேனிக்கு அவன் பொண்டாட்டி பேரே மறந்துபோச்சு. அதுக்கப்புறம் வந்த பசங்க எல்லாம் மெஷின் அடிச்சுக் கொடுத்தத வாசிச்சவங்க. இந்தக் கரையில நீங்க ஒருத்தர்தான்."

அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு கெட்ட புத்தி எழுந்து உட்கார்ந்தது. நான் ஒருத்தன்தான். நான் என்ன படித்தாலும் அதுதான் செய்தி. வாழ்த்து, வானிலை, எதையாவது சொல்லிவிட்டுப் போகலாம். கேட்க ஆளில்லை. இரண்டு வாரம் கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்று மனத்துக்குள் ஒரு வாழ்த்துச் செய்தியைத் தயார் செய்தேன். எழுபத்து மூன்று வயதில், சொல்லப்போகிற பொய்யை மனப்பாடம் செய்கிறவனைப் பார்த்தால் அந்தக் கோழிகளுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

விழாவன்று காலைப் படகில் அவள் வந்தாள். ஐம்பதைத் தொடுகிற வயது, தடித்த கம்பளிக் கோட்டு, காற்றுக்குப் பழகிய முகம். படகுத்துறையில் மாஸ்டர் என்னை முன்னால் தள்ளினார். அவள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எப்படி இருப்பீங்கன்னு அப்பா எங்களுக்கு வர்ணிப்பார். பார்க்காமலே. குள்ளமா, காது பெருசா இருக்கும்னு."

"குள்ளம் இல்ல. காது சரிதான்," என்றாள் அபினா.

மண்டபத்துக்கு மேட்டில் ஏறி நடந்தோம். அப்பா வேலையை விட்ட பிறகு என்ன செய்தார் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. வாய் கேட்டுவிட்டது.

"இரும்புச் சுரங்கம். கடலுக்கு அடியில போற சுரங்கம் அது. மார்ல தூசி அடைச்சு அம்பத்திரண்டு வயசுல போயிட்டார். கடலுக்கு அடியிலதான் எனக்குன்னு எழுதியிருக்கு, முன்னாடி கம்பி, இப்ப மண்வெட்டின்னு சிரிப்பார்."

"வேலை போனது பத்தி ஏதாவது..."

"அந்தத் துண்டக் காட்டுன்னு கேட்டாங்களாம். எரிச்சிட்டேன்னு சொல்லிட்டாராம். அம்மா அதுக்காக அவர வாழ்நாள் பூரா திட்டினா. சட்டைப் பைல வச்சுக்கிட்டே எரிச்சிட்டேன்னு சொல்லியிருக்கியே மனுஷா, காட்டியிருந்தா ஒரு கண்டிப்போட விட்டிருப்பாங்களேன்னு. அப்பா சொல்லுவார், அது இன்னொருத்தனோட சொந்தச் செய்தி, எனக்குக் காட்ட உரிமை இல்லன்னு."

பதினான்கு வருஷம் வேலை பார்த்தவன். அவள் அம்மா சொன்னது சரி. அரட்டை அடித்ததற்கு ஒரு கண்டிப்போடு விட்டிருப்பார்கள். போயிருக்கக்கூடியது என் வேலை மட்டும்தான். நான் இத்தனை வருஷம் கட்டி வைத்திருந்த சமாதானம் அந்த மேட்டில் பாதி வழியில் பொலபொலவென்று உதிர்ந்தது. மூச்சு வாங்குகிறது என்று சொல்லி ஒரு வேலிக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அபினா, "காலைல ரெண்டு முட்டை வேண்டாம்னு சொன்னேன், கேட்டாத்தானே," என்றாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேசைமேல் பழைய தந்திச் சாவிகள், பழைய கம்பித் துண்டுகள், நிலையத்துக் கடிகாரம். வெட்டிய கம்பியைக் குழந்தைகள் எடுத்து ஒருவன் தலையில் ஒருவன் தட்டிக்கொண்டிருந்தார்கள். மாவட்ட சபை மனுஷர் ஒருவர் அரை மணி நேரம் பேசினார். நூறு வருஷத்துக்கு முன் கப்பல்கள் எப்படி வந்தன, கம்பி எத்தனை தரம் அறுந்தது, எத்தனை தரம் மறுபடியும் போட்டார்கள் என்று எல்லாம் சொன்னார். யாருடைய விரல் அதில் தட்டியது என்பதை மட்டும் சொல்லவில்லை. பிறகு மாஸ்டர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். கைதட்டல். டார்கஸ் ஒரு புகையிலை டப்பாவிலிருந்து நாடாவை எடுத்து மேசையில் பிரித்தாள். பழுப்பேறியிருந்தது. ஒன்றரை கஜம் இருக்கும். மை மங்கவே இல்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். முதல் நெளிவைப் பார்த்ததுமே என் கை எனக்குத் தெரிந்துவிட்டது. பொடிப் பையன் கை. அவசரம், இடைவெளி சரியில்லை, மேலே எழும்பினால் இறங்கத் தெரியாது.

"இது ஒரு வாழ்த்துச் செய்தி," என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். "இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்கு. எல்லாரும் நலமா இருக்கணும், கடல் நம்மளப் பிரிச்சாலும் இந்தக் கம்பி நம்மளச் சேர்த்து வைக்கட்டும். இப்படிக்கு, உங்க நண்பர்கள்."

மண்டபமே கைதட்டியது. மாவட்ட சபை மனுஷர், அருமை அருமை என்றார். மாஸ்டர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். தப்பித்துவிட்டேன். டார்கஸும் தட்டினாள். தட்டிவிட்டு, நாடாவின் அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் வரை விரலால் மெல்ல அளந்தாள்.

"ரெண்டு வரிக்கா இவ்வளவு நீளம்?" என்று கேட்டாள். சந்தேகமாகக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் கிடைக்காதா என்கிற மாதிரி கேட்டாள்.

நீட்டிச் சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் மெதுவாகத்தான் அனுப்புவோம் என்று ஒரு போடு போட்டிருந்தால் நம்பியிருப்பாள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டே எரித்துவிட்டேன் என்று சொன்னவனின் மகள் அவள், எதிரில் நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் படிச்சது பொய்," என்றேன். "வாழ்த்து இல்ல இது. நான் அனுப்பினது. 1913, மே மாசம். உட்காருங்க எல்லாரும். இப்பப் படிக்கிறேன்."

மாஸ்டர் பேனாவை நிறுத்தினார். நான் நாடாவைக் கையில் எடுத்து, அந்தக் காலத்தில் ஓடுகிற மாதிரியே விரலிடுக்கில் ஓடவிட்டுப் படித்தேன்.

"அஸ், இருக்கியா? இங்க மழை. ஞாயித்துக்கிழமை அவகிட்ட கேட்டுடலாம்னு இருக்கேன். கேட்கப் போனா நாக்கு ஒட்டிக்குது. நீ கல்யாணம் ஆனவன். என்ன சொன்ன உன் பொண்டாட்டிகிட்ட? சிரிக்காத. நான் நெசமாத்தான் கேக்கறேன்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் மேலே படித்தேன்.

"இரு. அவசரம் ஒண்ணு மேசைக்கு வந்திருக்கு. பருத்திக்காரன். அது கிடக்கட்டும். நீ முதல்ல சொல்லு."

அந்த வரி அதில் இருப்பது எனக்கு ஞாபகமே இல்லை. மறந்துவிட்டேன் என்றுதானே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. தெரிந்தேதான் தள்ளி வைத்திருக்கிறேன். இதோ என் கையாலேயே எழுதியிருக்கிறது, அவன் பையில் இருபத்திரண்டு வருஷம் இருந்திருக்கிறது.

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கைக்கு அடியில் கிடந்த தாள், நான் எழுதிய பொய் நேரம், அனுப்பினேன் ஐயா என்றது, எல்லாம். இந்தத் துண்டைக் காட்டியிருந்தால் அசரையா பிழைத்திருப்பான், நான் போயிருப்பேன், அதனால்தான் அவன் காட்டவில்லை என்று சொன்னேன். கம்பித் துண்டோடு விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை யாரோ பிடித்து உட்கார வைத்தார்கள். நான் அபினா பக்கம் பார்க்கவில்லை.

டார்கஸின் முகத்தில் கோபம் வந்தது, நான் பார்த்தேன். வரட்டும் என்று காத்திருந்தேன். என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"எங்கம்மா," என்றாள் கடைசியில். "அவ மட்டும் இதக் கேட்டிருக்கணும்." பிறகு நாடாவைத் தொட்டாள். "இதுல பூரா நீங்க பேசினதுதானா? எங்கப்பா பேசினது ஒண்ணும் இல்லியா?"

"அவன் பேசினது என் நாடால இருந்துது. நான் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன்." பிறகு கடைசி முழ நீளத்தை அவளுக்குக் காட்டினேன். "ஆனா இது இருக்கு. முக்கியமான செய்தியைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கணும்கறது எங்க வேலைல சட்டம். அவன் சொல்லிக் கொடுத்தத நான் வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கேன். கை என்னோடது. பேச்சு அவனோடது."

"படிங்க."

படித்தேன். "திருப்பிச் சொல்றேன், சரிபாரு. எனக்குப் பெருசா பேச வராது. உன் வீட்டு வாசலத் தாண்டிப் போற நாளெல்லாம் எனக்கு நல்ல நாளு. ஒரு நாளாவது தாண்டிப் போகாம, உள்ள வான்னு சொல்லுவியா?"

"இன்னொரு தரம்," என்றாள் டார்கஸ். இன்னொரு தரம் படித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. "எங்கப்பா குரல்தான்," என்றாள். "ஒவ்வொரு மே மாசமும் இத எடுத்து வச்சுக்கிட்டு, என்ன ஆச்சோ தெரியலியேம்பார். என்ன ஆச்சு எதுக்கு ஆச்சுன்னு எங்களுக்கு ஒண்ணும் புரியாது."

முன் வரிசையில் நாற்காலி நகர்ந்தது. அபினா எழுந்து மேடைக்கு வந்துகொண்டிருந்தாள். முழங்கால் வலிக்காரி, ஒவ்வொரு படியாக ஏறினாள். யாரும் கை கொடுக்கத் துணியவில்லை. என் எதிரில் வந்து நின்றாள். வார்த்தை இரவல் என்பதற்காகத் திட்டப்போகிறாள், இத்தனை வருஷம் ஏமாற்றியதற்காகத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அவருக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். "நான் என்ன சொன்னேன்னு அவருக்குச் சொல்லவே இல்லியா நீங்க?"

"இல்ல. கேட்டான்," என்றேன். "கடைசி நாள். அந்த மூணு வாரமும் நான் வேற மேசைக்கு மாத்திக்கிட்டு ஓடி ஒளிஞ்சேன். அன்னிக்கு மாட்டிக்கிட்டேன். வேலைய விட்டுப் போறதுக்கு முன்னாடி அவன் அனுப்பினது அது ஒண்ணுதான். உண்மையச் சொல்லுன்னு கேக்கல. என்னக் காப்பாத்துன்னு கேக்கல. ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சு மர்ட்டி, அவ என்ன சொன்னான்னு கேட்டான். சூப்பரின்டெண்ட் பின்னாடி நின்னாரு. நான் 'பெற்றுக்கொண்டேன்'னு குறி போட்டுட்டுக் கைய எடுத்துட்டேன். அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். கோடு நேரா ஓடிட்டே இருந்துது. அப்புறம் அவனும் கைய எடுத்துட்டான்."

அபினா என்னைத் தாண்டி டார்கஸிடம் போனாள். அந்தப் பெண்ணின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சரின்னு சொன்னேன் மகளே," என்றாள். "உடனே சொன்னேன், யோசிக்கவே இல்ல. உள்ள வாங்கன்னு சொன்னேன்."